உடம்பு வணங்காதவன்

"வெட்கமா இல்லையா பெருசு? இப்படி ஆடுறதுக்கு வீட்லயே படுத்துக்கலாமே."

உடை மாற்றும் அறையில், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான் கோல்பி. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரெஜான் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்தான்.

கேட்டதில் தப்பில்லை. ஐஸ் ஹாக்கி சீசனுக்கு முன் அதுதான் கடைசிப் பயிற்சி ஆட்டம். அணியின் தடுப்பு வரிசையில் மிச்சம் ஒரே ஓர் இடம். அதற்கு இவர்கள் இருவரும்தான் போட்டி.

கோல்பி பேயாக உழைத்தவன். விடியுமுன் பனித்தளத்தில் இறங்குவான். வாந்தி எடுத்துவிட்டு மறுபடியும் ஓடுவான். இன்று ஒரே ஒரு முறைதான் வழுக்கி விழுந்து எதிராளியைக் கோட்டை விட்டான். அந்த எதிராளி அடித்த கெட்டி ரப்பர் வட்டை ரெஜான் குறுக்கே பாய்ந்து காலில் வாங்கிக்கொண்டான். ஹாக்கியில் இதெல்லாம் தினமும் நடப்பது.

அதற்குப் பிறகுதான் ரெஜான் ஆடி அசைந்து ஊர்ந்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

கோச்சும் அணியின் டாக்டரும் வந்தார்கள். யாருக்காவது காயம் உண்டா என்று டாக்டர் வழக்கம்போலக் கேட்டார். ரெஜான் தலையாட்டி மறுத்தான்.

"உழைச்சவனுக்குத்தான் இங்க சட்டை" என்று கோல்பியிடம் அணிச் சட்டையைக் கொடுத்தார் கோச். ரெஜானை ஊருக்குக் கிளம்பச் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு, மறந்துவிட்ட கையுறையை எடுக்கத் திரும்பி வந்தான் கோல்பி. ரெஜான் ஒரு கால் ஸ்கேட்டின் கயிற்றைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தான். பல்லைக் கடித்து உருவினான். பாதம் கன்றிப்போய், பூசணியாக வீங்கியிருந்தது.

கோல்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"காயம் பட்டவனை அனுப்பக் கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்கு. சொன்னா, குணமாகுற வரைக்கும் என்னை வெச்சுச் சம்பளம் கொடுக்கணும். ரெண்டு பேருக்குப் படியளக்குற டீமா இது? உன்னைத்தான் அனுப்புவாங்க."

"அதுக்காக..."

"எனக்கு எப்படியும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல ஆட்டம் முடிஞ்சிடும். நீ இன்னிக்குத் திரும்பிப் போனா, மறுபடி எவன்டா கூப்பிடுவான்?"

கோல்பிக்குக் கண் கலங்கிவிட்டது. கோச்சிடம் உண்மையைச் சொல்லிவிடத்தான் வெளியே ஓடினான். மனசார அப்படித்தான் நினைத்தான்.

வழியில் டாக்டர் எதிரே வந்தார்.

"ரெஜான் இன்னும் உள்ளதான் இருக்கானா? கடைசில ஒரு பக்கமா சாய்ஞ்சு ஓடின மாதிரி இருந்துச்சு. அடி கிடி ஏதாவது பட்டிருக்கா?"

கோல்பி கையிலிருந்த சட்டையைப் பார்த்தான்.

"அடியெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். பெருசுக்கு உடம்பு வணங்கல, அவ்வளவுதான்."