மூன்றாம் படத்தின் விளக்கம்

வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கைப்பேசியில் காட்டும் செயலிக்கு இணைய உதவிப் பக்கம் எழுதுவது ராஜினியின் வேலை. மாதிரிக்காக ரவாங்கில் தான் தனியே வசிக்கும் வீட்டையே இணைத்து, பக்கத்தின் மூன்றாம் படத்தின் கீழே ‘பகலில் யாரும் இல்லை’ என்று எழுதியிருந்தாள்.

படம் ஒருவர் என்றது. குழப்புகிறது என்று பதினொரு புகார்கள்.

“மாரிஸ்! யாரக் கேட்டு என் கிராஃப்ல கை வச்ச?” என்று பக்கத்து மேசையில் படங்களைப் பதிவேற்றும் சக ஊழியரிடம் ராஜினி சீறினாள்.

“நான் தொடல லா, அக்கா. அது உங்க வீட்டுலருந்து நேரா வருது.”

“பொய் சொல்லாத! வீடு பூட்டிக் கிடக்கு. சாவி இங்க இருக்கு!”

பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகமே திரும்பிப் பார்க்கச் சாவிக்கொத்தை மேசையில் அடித்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, ‘பகலில் ஒருவர் இருக்கிறார்’ என்று விளக்கத்தைத் திருத்தினாள்.

படம் இருவர் என்றது.