கயிறே போதும்

ஓடக்கூடாது.

கொட்டகை வாசலில் நின்றுகொண்டு அவன் தனக்குத்தானே அதைத்தான் சொல்லிக்கொண்டான். ஓடினால் குட்டி மிரளும். மிரண்டால் இழுக்கும். இழுத்தால் முடிந்தது.

உத்திரத்திலிருந்து தொங்கிய கயிற்றின் சுருக்குக்குள் குட்டியின் கழுத்து இருந்தது.

அவன் கட்டிய கயிறு.

அல்பாகாக் குட்டி. ஒட்டக இனம், உடம்பெல்லாம் ஆட்டு ரோமம். பிறந்து நாற்பது நாள்தான் ஆகிறது. உடம்பில் பாதி கழுத்து. முன்கால்களை நுனியில் ஊன்றி, தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது.

சுற்றிலும் பெரியவை பதினொன்று. ஒன்றும் கத்தவில்லை. ம்ம்ம் என்று முனகின. பசிக்கும் முனகும், பயத்துக்கும் முனகும் பிராணி. ஆடாக இருந்தால் ஊரையே கூட்டியிருக்கும். அவனும் எப்போதோ வந்து சேர்ந்திருப்பான்.

ஆடு அவனுக்குத் தெரியும். ராமநாதபுரம் பக்கம் இருபது வருஷம் வெள்ளாடு மேய்த்தவன். கொடைக்கானலுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட அல்பாகா வாங்கிய முதலாளி, அந்த இருபது வருஷத்தை நம்பித்தான் அவனைக் குடும்பத்தோடு கூட்டிவந்தார். போன வாரம் மூன்று தீவனத் தொட்டிகளின் படத்தைக் கையில் கொடுத்து, எது தோதுப்படும், பார்த்துச் சொல் என்றார்.

அவன் படங்களைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கயிறே போதும் என்றான். கொஞ்சம் சிரித்துக்கொண்டும் சொன்னான்.

ஊரில் அப்படித்தான். அகத்திக் கொப்புகளைச் சேர்த்துச் சுருக்குப் போட்டுத் தொங்கவிடுவார்கள். ஆடு தின்னத் தின்னக் கட்டு மெலியும், சுருக்கு தானாக இறுகும். ஒரு கொப்பு கீழே விழாது.

இங்கே கட்டியது காய்ந்த புல். இழுக்க இழுக்க அது உருவிக்கொண்டு தரைக்கு வந்துவிட்டது. வெறும் வளையம் தொங்கியிருக்கிறது.

ஓர் அடி வைத்தான்.

தாய் காதுகளைப் பின்னால் மடித்தது.

இன்னோர் அடி. அரைபட்ட புல் பச்சையாக அவன் முகத்தில் வந்து விழுந்தது. துப்பிவிட்டது. அவன் துடைக்கவில்லை. கையைத் தூக்கப் பயமாக இருந்தது.

வேறென்ன செய்வது என்று தெரியாமல் அவனும் ம்ம்ம் என்றான். அவன் காதுக்கே அபத்தமாகக் கேட்டது. நிறுத்தவில்லை. முனகிக்கொண்டே குனிந்து, நெஞ்சுக்குக் கீழே கை கொடுத்துக் குட்டியை ஒரு முழம் தூக்கினான்.

கயிறு தொய்ந்தது.

ரோமத்துக்குள் விரலை விட்டு முடிச்சைத் தேடினான். கிடைத்தது. நெகிழ்ந்தது.

குட்டி இரண்டு தடவை இருமிவிட்டுத் தாயின் மடியை முட்டப் போனது. அவன் அப்படியே சாணத்தில் உட்கார்ந்துவிட்டான்.

வெகுநேரம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து அந்தப் படங்களை எடுத்தான்.

சுவரில் மாட்டும் கம்பிக் கூடை. கம்பிக்குக் கம்பி நாலு விரல் இடைவெளி. தலை உள்ளே போகும், வெளியே வராது.

வலைப் பை. கால் சிக்கும்.

நீளப் பலகைத் தொட்டி. தாழ்வானது, பன்னிரண்டும் வரிசையாக நின்று தின்னலாம். எங்கும் ஓட்டை இல்லை. விரலால் படத்தைத் தடவித் தடவிப் பார்த்தான், இல்லை.

முதலாளிக்குப் போன் போட்டான்.

"பலகைத் தொட்டி வாங்கிருங்கய்யா."

"கயிறே போதும்னியேப்பா?"

"வேண்டாங்கய்யா. கம்பி வேண்டாம், வலை வேண்டாம். தலை நுழையிற மாதிரி எதுவுமே இங்க இருக்கக் கூடாது."

போனை வைத்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் இடுப்பில் குடத்தோடு அவன் மனைவி இருளாயி குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"புள்ள தூங்குது. ஒரு எட்டுப் போயிப் பாத்துக்கங்க."

தலையாட்டினான். எழுந்தான். வேட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டான்.

தட்டிய கை நின்றது.

தூளிக் கயிறு.

அடுப்படியில் வேலை செய்தபடியே தூளியை ஆட்ட வேண்டும் என்று இருளாயி கேட்டிருந்தாள். தூளியிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துவந்து, அவள் காலில் மாட்டிக்கொள்ள நுனியில் சுருக்குப் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். இழுக்க இழுக்க இறுகும், காலை விட்டு நழுவாது. கட்டிப் பார்த்துப் பெருமையாகவும் சொன்னான். கொட்டகையில் மிஞ்சிய அதே கயிறு.

தூளி தரையிலிருந்து ஒரு சாண் உயரம். மகளுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. நேற்றுத்தான் தானாக இறங்கப் பழகியிருக்கிறாள்.

ஓடினான். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது.

வீட்டு வாசல்படியில் நின்றான்.

தூளி காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

மகள் அடுப்படிப் பக்கம் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் கயிற்றுச் சுருக்கின் வளையத்தை முகத்துக்கு நேராகப் பிடித்து, அதன் வழியாக அவனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, இருளாயி சட்டை மாட்டிவிடும்போது செய்வதுபோல, தலையை உள்ளே விட்டுக்கொண்டாள்.

அவன் கால் துடித்தது.

அப்பா ஓடிவந்தால் அவளும் திரும்பி ஓடுவாள். தினமும் சாயங்காலம் அவன் சொல்லிக்கொடுத்த விளையாட்டு அது.

சிரித்துக்கொண்டே அவள் ஒரு காலை ஏற்கெனவே தூக்கிவிட்டாள்.

அவன் மெல்ல முட்டி போட்டான். உதடுகளை மூடிக்கொண்டான்.

ம்ம்ம்.