முன்வரிசைப் பெடியள்

“அந்த ஒருத்தனுக்கு அவ்வளவையும் அள்ளிக் குடுத்தால், மற்றப் பெடியளுக்கு என்னத்தைத் தம்பி குடுப்பியள்?”

மேய்ஸ் ஹில் முருகன் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த வாசுதேவன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கையில் அர்ச்சனைத் தட்டோடு ஓர் அம்மா நின்றிருந்தார். முன்பின் பார்த்த முகமில்லை.

“யாருக்கு ஆன்ட்டி?”

“வேறை ஆருக்கு? டேனிக்குத்தான். நான் சத்தியபாமா. நீங்கள்தானே அந்த ரக்பி கிளப்பிலை காசு விஷயம் பாக்கிறது?”

கோயிலுக்கு வந்தால் நிம்மதி கிடைக்கும் என்று யார் சொன்னது? 2013 சீசனுக்கான ஒப்பந்தத்தில் டேனி திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறான். பந்தை வாங்கி மொத்த ஆட்டத்தையும் நடத்துகிறவன் அவன்தான். ஏஜென்ட் கேட்கும் தொகையைக் கொடுத்தால், முன்வரிசையில் நின்று முட்டி மோதுகிற நாலு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் வாசுதேவன். பாவம், ஒரு வாரமாக மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

“நான் என்ன பண்றது ஆன்ட்டி? மொத்தச் சம்பளம் இவ்வளவுதான்னு லீக் ஒரு வரம்பு வெச்சிருக்கு. தாண்டினா கிளப்பைத் தண்டிப்பாங்க. டேனியை விட்டா ரசிகர்கள் எங்களை உரிச்சிடுவாங்க.”

“அதுக்காக அந்த நாலு பேரையும் கலைக்கிறதோ? என்ட மனுசன் மோசம் போனநேரம் ஓடி வந்தது ஆர்? அந்தத் தடியன்கள்தான்! கதிரை அடுக்கினவங்கள். பிரேதப் பெட்டியைத் தோளிலை சுமந்தவங்கள். நான் குடுத்த மரக்கறிச் சோற்றைச் சாப்பிட்டிட்டு, கோப்பையையும் கழுவி வச்சிட்டுப் போனவங்கள். எங்கட சொந்தத்திலை ஒருத்தரும் அப்பிடிச் செய்யேல்லைத் தம்பி. நான் சாகுமட்டும் மறக்க மாட்டன்.”

அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அந்தப் பையன்களின் பக்கத்து வீட்டுக்காரர் போலிருக்கிறது என்று வாசுதேவன் நினைத்துக்கொண்டார்.

“இந்த விஷயம் ஆபீஸ்லயே ரெண்டு மூணு பேருக்குத்தான் தெரியும். உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“அதை விடுங்கோ. டேனிக்குக் குறைச்சுக் குடுங்கோ. அந்த நாலு பேரும் நிக்கட்டும்.”

“டேனி சம்மதிக்கணுமே! அவன் ஏஜென்ட் ஒரு டாலர்கூட இறங்க மாட்டேங்கிறான்.”

“ஏஜென்ட் கிடக்கட்டும். டேனி நேற்றே எனக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டான். நாளைக்கு உங்களுக்கும் ஃபோன் எடுப்பான்.”

“முருகா!” வாசுதேவன் கையிலிருந்த ஒற்றைச் செருப்பைக் கீழே போட்டுவிட்டு, அந்த அம்மாவையே கும்பிட்டார். “நீங்க மகராசியா இருக்கணும் ஆன்ட்டி. என் வயித்துல பால் வார்த்தீங்க! ஆனா ஒண்ணு புரியல. ஏஜென்ட் பேச்சையே தட்டிட்டு உங்க பேச்சைக் கேக்குறானே, நீங்க அவனுக்கு யாரு?”

“மாமி. அந்த சீசன் முடிஞ்ச உடனை இந்தக் கோயிலிலைதான் என்ட மகள் சஜிதாவைக் கட்டப்போறான்,” என்று சத்தியபாமா சிரித்தார். “சம்பளம் குறைஞ்சால் குறையட்டும் தம்பி, அவனை இடிக்க வாறவங்களை மறிக்க அந்த நாலு பேரும் முன்னுக்கு நிக்காட்டி, தாலி கட்ட என்ட மருமோனுக்குக் கை மிஞ்சுமோ?”