முன்சீட்டு

"முடியாது சாந்தம்மா. நானும் உங்ககூடப் பின்னாடிதான் உட்காருவேன்."

"சொன்னாக் கேளுங்கம்மா. முன்னாடி ஏறுங்க."

தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் போடிமெட்டில் நின்றிருந்தது. பின்னால் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். துணைவேந்தர் பதவியை உதறிவிட்டு ஊர் ஊராகச் சமத்துவம் பேசிவரும் செல்வலட்சுமிக்கு, காலியாகக் கிடந்த அந்த முன்சீட்டைப் பார்க்கவே கூசியது.

"படிச்சவளுக்கு ஒரு இடம், உழைக்கிறவளுக்கு ஒரு இடமா? இது பிடிக்காமத்தானே நான் வேலையையே விட்டேன்."

"அது சரிதாம்மா" என்றாள் சாந்தம்மாள். ஜீப்புக்குள் யாரோ சிரித்தார்கள்.

"நீங்க இப்படி மரியாதை பார்த்துப் பார்த்தே..."

"மரியாதையும் இல்ல, மண்ணும் இல்ல." சாந்தம்மாள் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். டிரைவர் பாண்டித்துரை கிளாஸைக் கீழே வைத்துக்கொண்டிருந்தான். அவள் குரலைத் தணித்தாள்.

"அவன் கங்காணிக்கு மச்சினன். ஆம்பளைக்குக் குடுக்குற கூலிய எங்களுக்கும் குடுக்கலைன்னா, நாளையிலருந்து ஒருத்தியும் வேலைக்கு எறங்குறதில்லைன்னு இந்த ஜீப்புக்குள்ளதான் பேசி முடிக்கணும். தோட்டத்துக்குப் போயிட்டா ஆளுக்கொரு மூலை. முன்கூட்டியே அவன் காதுல விழுந்துச்சுன்னா, சாயங்காலமே எங்கள வேலைய விட்டு நிப்பாட்டிருவாக."

பாண்டித்துரை சாவியைச் சுழற்றியபடி வந்துகொண்டிருந்தான்.

"முன்னாடி ஏறி, தோட்டம் போய்ச் சேர்ற வரைக்கும் அந்தச் சமத்துவத்த அவன்கிட்ட கொஞ்சம் சத்தமாப் பேசிக்கிட்டே வாறீகளாம்மா?"