வியாழன், மூன்று நாற்பது

நெட்வொர்க் அலுவலகத்தில் என் வேலை முன்பதிவு. அறுவை சிகிச்சையை நேரலையில் காட்டும் மருத்துவமனையோ, தேர்வு நடத்தும் கல்லூரியோ கேட்டால், அந்த நேரத்தில் வேறு யாரும் நுழையாதபடி லைனில் இடம் பிடித்து வைப்பேன்.

திங்கட்கிழமை காலை, பட்டியலில் ஒரு புதுப் பதிவு இருந்தது. வியாழன் பிற்பகல் மூன்று நாற்பது, இருபது நிமிடம். ஒரு முனை என் அண்ணன் வேலை பார்க்கும் கப்பல். மறுமுனை என் வீடு. பதிவு செய்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

நான் செய்யவில்லை. ரத்து செய்தேன். டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடியும் இருந்தது, பத்தொன்பது நிமிடமாக. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நீயா நானா பார்த்துவிடலாம் என்று புதன் மதியம் வரை ரத்து செய்துகொண்டே இருந்தேன்; ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் குறைந்து திரும்பி வந்தது. பதிவில் மூன்று நிமிடம் மிச்சமிருந்தபோது அண்ணன் போனில் கூப்பிட்டான்.

"நாளைக்கு மூணு நாப்பதுக்கு வீட்ல இரும்மா. நிறைய பேசணும்."

"இப்பவே பேசேன் அண்ணா."

"இப்ப முடியாது. நாளைய விட்டா எப்பவும் முடியாது."

லைன் அறுந்தது. பதிவை நீட்டிக்கப் பார்த்தேன். மூன்றுக்கு மேல் ஏறவில்லை. உட்கார முடியாமல் வராந்தாவில் நாலு நடை நடந்துவிட்டு வந்தேன்.

பக்கத்து சீட்டுக்காரி என் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"மூணு நாளா அதோட மல்லுக்கட்டுறீங்களேக்கா, பாவமா இருந்துச்சு. நானே தூக்கிட்டேன். ரெண்டு தடவ திரும்ப வந்துச்சு. மூணாவது தடவ தூக்கினதும் வரவே இல்ல."