நாற்காலியில் கோமளம்

மகளுக்குப் பிரசவம் பார்க்க ஆஸ்திரேலியா போயிருந்த கோமளவல்லியை, தில்லைநாயகம் தினமும் மத்தியானம் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார்த்திவிடுவார். அதற்கென்றே ஒரு ஃபோன் ஸ்டாண்ட் வாங்கியிருந்தார். அதன் பிடியை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டால், வளைகிற இரும்புக் கழுத்து யானையைக்கூட முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கும் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

“இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க. நான் என்ன அவ்வளவு குட்டையா?”

அவள் கண்ணும் தன் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகுதான் அவர் சோற்றில் கைவைத்தார்.

“ரசம் வெச்சிருக்கேன் பாரு, மூணு தெரு ஜனம் டம்ளரோட வாசல்ல நிக்குது.”

“நிக்கும், நிக்கும். ஆம்புலன்ஸ் வருதான்னு பாக்க.” சிரித்தவள் சட்டென்று அடங்கினாள். “ஏங்க, வியாழக்கிழமை டிக்கெட்ட மாத்திட்டு இன்னும் ரெண்டு மாசம் இரும்மான்னு பூர்ணா கெஞ்சுறா. நீங்க வான்னு சொன்னா வந்துடறேன்.”

எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன் என்று வீறாப்பாகச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இரும்புக் கழுத்து மெல்லத் தளர்ந்தது. ஃபோன் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து வந்து அவர் தோளில் தங்கியது.

“எங்க போனீங்க? வெறும் சட்டைதான் தெரியுது. நிமிர்த்துங்க.”

தில்லைநாயகம் மூச்சைக்கூடப் பாதியாக விட்டார். விரல்களில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

“இரு கோமளம்,” என்றார். “கொஞ்ச நேரம் அப்படியே இரு.”