ஈரம் முப்பது

அறையில் இருந்தவர்கள்: நான், அத்தான், ஒரு மைக்.

இருக்க வேண்டிய ஒன்று மட்டும் இல்லை. அத்தானின் சாப்பாட்டுப் பை. காலையில் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

மைக்கின் முன்னால் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"லோடு வந்திருக்கு. தலைக்கு மேல வேலை. அப்புறம் பேசறேன்."

அவ்வளவுதான். தினமும் மதியம் அக்காவுக்குப் போகிற வாய்ஸ் மெசேஜ்.

அத்தானின் முதலாளி சரக்கையெல்லாம் ஏற்றிக்கொண்டு குடோனைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். அத்தானுக்கு வேலையும் போனது. அக்காவிடம் அதை மட்டும் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல் குளித்து, சட்டை மாட்டி, நேராக என் ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கு வந்துவிடுவார். ராத்திரி முழுக்க மிக்ஸிங் பார்த்துவிட்டு நான் தூங்க வேண்டிய சோபாவில் அவர் தூங்குவார்.

முதல் நாள் போனிலேயே பேசி அனுப்பினார். 'என்ன, போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு?' என்று அக்கா கேட்டுவிட்டாள்.

கேட்கத்தான் செய்வாள். சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய அறை. இங்கே குரல் வாயை விட்டு இறங்கியதும் செத்துவிடும்.

அதனால் குரலுக்கு ரிவெர்ப், அதாவது எதிரொலி, போட ஆரம்பித்தேன்.

முன்பு ஒரு குறும்படத்துக்காக அதே குடோனுக்குள் பலூனை உடைத்து அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்து வைத்திருந்தேன். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், எந்தக் குரலையும் அந்தக் குடோனுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். அப்போது கூரை வரை மூட்டை. மூட்டை சத்தத்தைக் குடிக்கும். ஆகவே பேச்சு முடிந்த பிறகு நீளும் வால் ரொம்பக் குட்டி. அதன் நுனியில் தகரக் கூரை லேசாகக் கிண்ணென்னும். அந்தக் கிண் வேறெங்கும் வராது.

எவ்வளவு கலப்பது என்பதற்கு ஒரு குமிழ். இங்கிலீஷ்காரன் அதற்கு 'வெட்', ஈரம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறான். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

ஈரத்தை முப்பதில் வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் வை மச்சான். முதலாளிக்குத்தான் இல்ல, உனக்காவது இருக்கட்டும்."

"கூட்டினா கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இருக்கும். சும்மா இருங்க."

அனுப்பினேன். உடனே பதில் வரவில்லை. அத்தான் பசியில் என் பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்து முடித்தபோது வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாப்பாட்ட மறந்துட்டுப் போயிட்டீங்க. நான் வீட்லதான் இருக்கேன். சீக்கிரம் வந்து சாப்பிடுங்க."

அத்தான் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"பாத்தியா? உங்கக்கா வெள்ளந்தி. துளி சந்தேகம் கிடையாது."

நான் மறுபடி போட்டேன்.

'சாப்பிடுங்க' என்று அவள் முடித்த பிறகும் அது முடியவில்லை. நீண்டது. இன்னும் நீண்டது. அக்கா வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். அங்கே குரலுக்கு இத்தனை நீள வால் முளைக்க வழியில்லை.

வாலின் நுனியில் தகரம் கிண்ணென்றது.

எனக்குத் தெரிந்த தகரம். அதன் கீழே இப்போது ஒரு மூட்டைகூட இல்லை.

எங்கள் லோடு வந்த செய்தியை அவள் அந்தக் காலி குடோனில் நின்றுதான் கேட்டிருக்கிறாள். கையில் சாப்பாட்டுப் பையோடு.

அத்தான் சோபாவில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"கிளம்புங்க அத்தான்."

"விளையாடறியா? இப்பவே போய் நின்னா அவகிட்ட என்னத்தச் சொல்றது?"

சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று நான் சொல்லவில்லை. அதை இவரிடம் சொல்ல வேண்டியவள் அக்கா. வீட்டுக்குத் திரும்பிக் காத்திருப்பாள்.

"சாப்பிடத்தான கூப்பிடறா. போங்க."

அவர் செருப்பை எடுத்துக் காலடியில் போட்டேன். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை அவருக்கு.

"உனக்கு ஈரமே இல்லடா."

மாட்டிக்கொண்டு வெளியே போனார். கதவைச் சாத்தினேன். திரும்பி வந்துவிடுவார் என்று தெரியும். பூட்டினேன்.